எண்பத்தெட்டு லிட்டர் கடல்!

நம் ஆட்கள் வீட்டில் நாய் வளர்ப்பார்கள், லவ் பேர்ட்ஸ் வளர்ப்பார்கள், இ.எம்.ஐ. போட்டுக் கடன்கூட வளர்ப்பார்கள். 'கடல் வளர்க்கிறேன்' என்று சொன்னால் மட்டும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். சென்னையில், மாடி போர்ஷன் ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது என் கடல். நீளம் இரண்டடி. அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. பி.காம். மூளை சும்மா இருக்குமா? பெருக்கிப் பார்த்தேன். 88 லிட்டர். தண்ணீர் மட்டுமே 90 கிலோ! ஷோகேஸ் மேல் வைக்கிற ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள். இரும்பு ஸ்டாண்ட் கட்டாயம்.

"மெரினா பக்கத்துலதானே இருக்கு? நாலு குடம் மொண்டுட்டு வந்தா போச்சு" என்பார்கள். கூடாது. கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடையும் ஒரு பார்ட்னர். சமையலறை உப்பும் உதவாது. அது சோடியம் குளோரைடு மட்டும்தான். கடலிலோ மெக்னீஷியம், கால்சியம், பொட்டாசியம் என்று பெரிய கூட்டுக் குடும்பமே குடியிருக்கிறது. மீன்தொட்டிக்கென்றே விற்கிற கடல் உப்பை வாங்கி, ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் கணக்கில் கரைக்க வேண்டும். சரியாகக் கலந்ததா என்று பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் குழல் இருக்கிறது. ஒரு சொட்டு விட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தால் உப்பின் அளவு தெரியும். பார்க்கும்போது உங்களுக்கே ஒரு சயின்டிஸ்ட் களை வந்துவிடும்.

தண்ணீர் ரெடியானதும் மீன் வாங்க ஓடக்கூடாது சார். இங்கேதான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள். மீனின் கழிவு அமோனியா. அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். அடுத்த டேபிளில் இருக்கும் இன்னொரு பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றி ஃபைலை மூடும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை. வாரம் பத்து சதவிகிதத் தண்ணீரை மாற்றினால் அதுவும் வெளியே போய்விடும். இந்த இரண்டு டேபிளுக்கும் ஆள் போஸ்டிங் ஆக நாலு முதல் ஆறு வாரம். அதுவரை ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிட்டு, வெறும் தொட்டியை முறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வருகிற விருந்தாளி எல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்பார்கள். பாக்டீரியாவைக் காட்டவா முடியும்?

இந்த உத்தியோகஸ்தர்கள் குடியிருப்பது பாறையின் நுண்துளைகளில். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து உயிருள்ள பாறையைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டு, காற்றுக் குமிழி விட்டே மீனையும் பவளத்தையும் பிழைக்க வைத்தார். அதை அவர் 1961-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். நம்மூரில் அந்த முறையை அப்படியே காப்பி அடிக்க முடியாது. காரணம் இருக்கிறது.

ஒரு கடைக்காரர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "சார், ஒரிஜினல் ராமேஸ்வரம் பவளம் இருக்கு. உங்களுக்குன்னா சொல்லுங்க, குறைச்சுப் போட்டுத் தரேன்" என்றார். செய்தித்தாளை விலக்கிக் காட்டவும் செய்தார். உள்ளங்கை அகலத்தில் பழுப்பு நிறப் பூங்கொத்து மாதிரி இருந்தது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பவளப் பாறை என்பது பாறை இல்லை, பிராணி. ஊசிமுனைத் துளை ஒவ்வொன்றிலும் ஓர் உயிர். அது தன் உடம்புக்குள்ளேயே நுண்பாசியைக் குடிவைத்து, அது வெயிலில் சமைப்பதைச் சாப்பிடுகிறது. உருண்டையான ரகங்கள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு இன்றைக்குத் தண்ணீருக்குள். 1986-ல் அந்தத் தீவுகளைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. புலி இருக்கிற அதே அட்டவணை! எடுப்பதும் விற்பதும் மட்டுமில்லை, ஹாலில் வைத்திருப்பதும் குற்றம்தான். சிறைத் தண்டனை ஏழு வருஷம் வரை போகும். சட்டத்தைத் தள்ளிவையுங்கள். கடலில் நூறு வருஷம் இருக்கக்கூடியதை டி.வி. பக்கத்தில் ஆறு மாசம் வைத்துக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.

என் தொட்டியில் இருப்பது சூளையில் சுட்ட செயற்கைப் பாறை. பாக்டீரியா பாட்டிலில் வந்தது. முதலில் பாத்ரூம் டைல்ஸ் மாதிரி வெள்ளையாக இளித்தது. பிறகு நத்தை ஓட்டில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பாசி, எட்டு மாதத்தில் அதன்மேல் ஊதாப்பூ நிறத்தில் கெட்டியாகப் படர்ந்துவிட்டது. இப்போது வருகிறவர்கள் "இது ஒரிஜினலா?" என்று கேட்கிறார்கள்.

மே மாதம்தான் சோதனை. தொட்டிக்கு 26 டிகிரி சுகம். சென்னையோ சென்னை. நீர்ப்பரப்பின் மேல் ஒரு குட்டி ஃபேனை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்தால் ஞாபகம் இருக்கும். கரண்ட் போனால் பேட்டரி ஏர்பம்ப். 1998, 2010, 2016-ல் மன்னார் பவளங்கள் வெளுத்ததும் இப்படிச் சூடு ஏறித்தான். அந்தக் கடலுக்கு எந்த ஃபேனை மாட்டுவது?

கடைசியாக மீன். இரண்டே இரண்டு கோமாளி மீன், குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்தைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள். அதனால் கடலில் வலை போடத் தேவையில்லை. கடல் தாமரை இல்லாமலே இவை வாழும். இதில் ஒரு வேடிக்கை: எல்லாமே ஆணாகத்தான் வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும். பெண் செத்துப்போனால் அடுத்த ஆண் பெண்ணாகிவிடுவார். ஆக, 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் மனைவியை இழந்த அப்பா மீன், உயிரியல் படி நீமோவுக்கு அம்மாவாகியிருக்க வேண்டும்!

என் வீட்டில் பெரியது பெண்ணாகிவிட்டது. தீனி நேரத்தில் சின்னது முந்திக்கொண்டால், அம்மணி ஒரு முறை முறைப்பார். உடனே சின்னவர் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பைக் கிடுகிடுவென்று நடுக்கிக் காட்டுவார். 'நீங்கதான் பாஸ்' என்று அர்த்தம். அப்ரைசல் மாதத்தில் உங்கள் ஆபீசிலும் பார்த்திருப்பீர்களே.