ராஷ்டிரபதித் தேர்தலில் நமது வாக்கின் மதிப்பு

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் வந்துவிட்டால், கரியாஹாட் சந்தையில் காய்கறி வாங்கும் நம்மவர்கள்கூட எந்த மாகாணம் எந்தக் கட்சிப் பக்கம் சாயும் என்று பேசிக்கொள்வதுண்டு. நம் ராஷ்டிரபதி தேர்ந்தெடுக்கப்படும் முறையோ பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை.

அமெரிக்காவில் கட்சிகள் மாகாணந்தோறும் பூர்வாங்கத் தேர்தல்கள் நடத்தி, பின்னர் மாநாடு கூட்டி அபேட்சகரை நியமிக்கின்றன. நவம்பரில் மக்கள் இடும் வாக்கு 538 தேர்வாளர்களைத்தான் நேராகத் தேர்ந்தெடுக்கிறது. அவர்களில் 270 பேரின் ஆதரவு பெற்றவரே ஜனாதிபதி. நம் நாட்டில் அபேட்சகரை 50 வாக்காளர்கள் முன்மொழிய, வேறு 50 பேர் வழிமொழிதல் வேண்டும். அவ்வாக்காளர்கள் பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் உள்ள, தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர்கள்.

அவர்களுடைய வாக்குகள் சம மதிப்புடையன அல்ல. ராஜ்யத்தின் ஜனத்தொகையைச் சட்டசபை இடங்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை ஆயிரத்தால் வகுத்தால் ஓர் அங்கத்தினரின் வாக்கு மதிப்புக் கிடைக்கும். தமிழ்நாட்டு அங்கத்தினருக்கு அது 176. மேற்கு வங்க அங்கத்தினருக்கு 151. கரியாஹாட்டில் வாக்குரிமை பெற்ற நாம் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதியின் கையில் இருப்பது 151தான். இதனால் வங்கம் தாழ்ந்துவிட்டது என்று எண்ணலாகாது. வங்கச் சட்டசபையில் 294 இடங்கள், தமிழ்நாட்டில் 234. ஆகவே மொத்த மதிப்பில் 44,394 பெற்று வங்கமே முந்துகிறது. தமிழ்நாட்டின் மொத்தம் 41,184.

இவை யாவும் 1971ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அமைந்தவை. குடும்பக் கட்டுப்பாட்டை நன்கு நிறைவேற்றிய ராஜ்யங்கள் நஷ்டமடையலாகாது என்று 1976இல் அரசியல் சட்டத்தின் 42ஆம் திருத்தம் அக்கணக்கை நிலைநிறுத்தியது. 2001இல் வந்த 84ஆம் திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது. அமெரிக்காவிலோ பத்தாண்டுக்கு ஒருமுறை புதுக் கணக்கெடுத்துத் தேர்வாளர்களைப் பங்கிடுகிறார்கள். 1971க்குப் பின் ஹௌரா ஸ்டேஷனில் வந்திறங்கிய தமிழர்கள், இந்தக் கணக்கில் இன்னும் தமிழ்நாட்டிலேயே குடியிருக்கிறார்கள்!

வாக்காளர் தம் விருப்பத்தை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவதும் நம் முறையில் உண்டு. 1969இல் வி. வி. கிரிக்கு முதல் விருப்ப வாக்குகள் மட்டும் போதவில்லை. அடுத்த விருப்பங்களும் சேர்ந்த பின்னரே 4,20,077க்கு 4,05,427 என்று நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார்.

2002இல் போட்டியிட்ட இருவருமே தமிழ் மண்ணில் பிறந்தவர்கள்: ராமேசுவரத்து அப்துல் கலாம், சென்னையில் பிறந்த டாக்டர் லக்ஷ்மி சேகல். கலாம் 9,22,884 பெற்று வென்றார். அப்போது வங்கத்தை ஆண்டுகொண்டிருந்த இடதுசாரிக் கட்சிகள் நிறுத்தியவர், நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய அந்தச் சென்னைப் பெண்மணியே.