வெயிலும் ஒரு விளைச்சல்

வயலில் நெல் விளையும். கோதுமை விளையும். மின்சாரம் விளையுமா?

விளையும் என்று காட்டினார்கள் டுண்டி கிராமத்து விவசாயிகள். டுண்டி, குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தில் உள்ளது. அங்கே டீசல் எஞ்சின் வைத்துத்தான் தண்ணீர் இறைத்தார்கள். டீசல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

2016இல் ஆறு விவசாயிகள் ஒன்று சேர்ந்தனர். கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். வயலில் சூரியத் தகடுகளை நிறுத்தினர். எல்லாம் சேர்ந்து 56.4 கிலோவாட். செலவில் பெரும்பகுதியைச் சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் ஏற்றது. விவசாயிகளும் தங்கள் பங்கைப் போட்டனர்.

மின்சாரம் எப்படி வருகிறது?

தகட்டின் மேல் வெயில் பட்டால் மின்சாரம் உண்டாகும். அதை மோட்டாருக்கும் மின்கம்பிக்கும் ஏற்றபடி இன்வர்ட்டர் என்ற கருவி மாற்றித் தரும். பயிருக்குத் தண்ணீர் வேண்டும்போது மோட்டார் ஓடும். மற்ற நேரத்தில் மின்சாரம் கம்பி வழியாக வெளியே போகும். எத்தனை யூனிட் போனது என்று மீட்டர் காட்டும்.

வாங்குவது யார்?

அரசின் மின் நிறுவனம் வாங்கியது. விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு. ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கு. அதற்குப் பதிலாக, மானிய விலையில் மின் இணைப்பு கேட்பதில்லை என்று விவசாயிகள் ஒப்புக்கொண்டனர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல வெயில் நாளில் 1 கிலோவாட் தகடு சுமார் 4 யூனிட் தரும். அப்படியானால் 10 கிலோவாட் 40 யூனிட் தரும். 4 ரூபாய் 63 காசு வீதம் ஒரு நாளுக்கு 185 ரூபாய் 20 காசு. ஆண்டில் 200 நாள் இப்படி விற்றால் 37,040 ரூபாய். மழை வந்தாலும் வராவிட்டாலும் இது ஒரு வருமானம்.

தண்ணீரும் மிஞ்சும்

இதில் இன்னொரு நன்மை உண்டு. சூரியத் தகடு வைத்த பிறகு தண்ணீர் இறைக்க டீசல் செலவு இல்லை. செலவு இல்லை என்றால் மோட்டாரை நிறுத்த மனம் வராது. நிலத்தடி நீர் கீழே போய்விடும். பிள்ளைகள் காலத்தில் கிணறு வற்றிவிடும்.

மின்சாரத்தை விற்க முடிந்தால் நிலைமை மாறும். தேவையில்லாமல் மோட்டார் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். அதனால் விவசாயி தானே மோட்டாரை நிறுத்துவார். டுண்டியில் இதற்குக் கூடுதல் ஊக்கமும் கிடைத்தது. தண்ணீரைச் சேமிப்பதற்காக யூனிட்டுக்கு 1 ரூபாய் 25 காசு, புகையில்லா மின்சாரத்துக்காக 1 ரூபாய் 25 காசு. இந்த இரண்டையும் நீர் மேலாண்மை நிறுவனம் தந்தது. ஆக யூனிட்டுக்கு 7 ரூபாய் 13 காசு கிடைத்தது.

2019இல் மத்திய அரசு பி.எம்.குசும் திட்டத்தைத் தொடங்கியது. சூரிய மோட்டார் வைக்க மானியம் தரும் திட்டம் இது. மிஞ்சும் மின்சாரத்தை விற்கவும் இதில் வழி செய்யப்பட்டது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தத் தொழிலில் இறங்கும் முன் சில விவரங்களைக் கேட்டறிய வேண்டும்.

ஒரு யூனிட்டுக்கு என்ன விலை? எத்தனை ஆண்டுக்கு அந்த விலை?

பணம் எந்தத் தேதியில் வரும்?

கடன் எவ்வளவு? மாதத் தவணை எவ்வளவு?

தகடோ இன்வர்ட்டரோ பழுதானால் யார் சரி செய்வார்கள்?

கம்பியில் அடிக்கடி மின்சாரம் நின்றுபோகிறதா? நின்றால் விற்பனையும் நிற்கும். வெயில் வீணாகும்.

தகட்டின் மேல் நிழல் விழக்கூடாது. தூசி படிந்தால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் யூனிட் குறையும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பந்தத்தை முழுவதும் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். மீட்டர் எண்ணை மாதந்தோறும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். வந்த பணம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

வெயில் எல்லோருக்கும் பொது. கணக்குத் தெரிந்தவருக்கே அது காசாகும்.