சாலைக் கார் களக் கார் ஆதல்

கார் என்ற அளவிலே புலவர்க்கு மேகம் நினைவிற்கு வரும். திருநெல்வேலிச் சீமையார்க்கு ஒரு நெற்பருவம் நினைவிற்கு வரும். எம் ஊராகிய திருக்காட்டுப்பள்ளி இளைஞர்க்கோ நாற்சக்கரம் பூண்ட மோட்டார் வண்டி ஒன்றே நினைவிற்கு வரும். தமிழ் பயிலும் மாணவர்க்கு இப்பொருள் எற்றுக்கு என்று நண்பர் சிலர் வினவுதல் கூடும். அதற்கு விடை இக்கட்டுரையின் இடையே கிடைக்கும்.

சாலைக் கார் என்பது பலர்க்கும் பலவகையிலும் பயன்படுமாறு செய்யப்பெற்றது. குடும்பத்தார் அனைவரும் அதில் அமரலாம். மழையும் புழுதியும் உள்ளே புகா. மேடுபள்ளங்களில் உடல் அலுத்தல் குறைவு. களக் கார் என்பதோ, எதிர்வருவார் இல்லாத ஓடுகளத்தில் ஒருவர் மட்டும் ஏறி விரைந்து ஓட்டுதற்கென அமைவது. பழைய சாலைக் கார் ஒன்றை வீட்டிலேயே பிரித்துக் களக் காராக மாற்றுதல் எங்ஙனம் என்பதையே ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

இம்முயற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் அங்கே கார்ப் பந்தயங்கள் நிகழலாயின. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அவற்றைப் பல்லாண்டு நடத்தினர். அயல்நாட்டுக் கார்கள் கிடைத்தல் அரிதாயிருந்த அந்நாளில், பந்தயம் விழைந்தார் பலர் பியட், அம்பாசிடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய சாலைக் கார்களையே மாற்றியமைத்துக் களம் புகுந்தனர். பின்னர் 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே ஓர் ஓடுகளம் திறக்கப்பெற்றது.

கோயம்புத்தூரினராகிய கரிவரதன் இத்துறையில் மறக்கற்பாலர் அல்லர். அவர் மாருதி 800 காரின் சிறு இயந்திரத்தை எடுத்து, எஃகுக் குழாய்ச் சட்டத்தில் ஓட்டுநர்க்குப் பின்னே பொருத்தி, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் கார்களை அமைத்தார். பார்முலா மாருதி என வழங்கிய அக்கார்கள், பெருஞ்செல்வர் அல்லாத இளைஞர்க்கும் களத்தின் வாயிலைத் திறந்தன. 2005-இல் பார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டி, அங்ஙனம் ஓட்டிய முதல் இந்தியர் எனப் பெயர்பெற்ற நரேன் கார்த்திகேயனும் தம் தொடக்க நாளில் அவ்வகைக் காரை ஓட்டியவரே. கரிவரதன் 1995-இல் விமான விபத்தொன்றில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பின்னர் எழுந்த ஓடுகளத்திற்கு அவர் பெயரே இடப்பெற்றது.

இனி எம் இல்லத்துச் செய்திக்கு வருவோம். யாம் பிறப்பதற்கு முன்னரே, 1999-இல், எந்தையார் வாங்கிய மாருதி 800 கார் ஒன்று எம் வீட்டுக் கொட்டகையில் நின்றது. ஞாயிறுதோறும் எம்மைக் கோயிலுக்குக் கொண்டுசென்றதும், நள்ளிரவில் பாட்டியாரைத் தஞ்சை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்ததும் அதுவே. வயது முதிர்ந்தமையால் அதனைப் பழைய இரும்பிற்கு விற்றுவிட எந்தையார் எண்ணினர். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார்த் தொழில் கற்ற எம் தமையனாரோ, அதனைக் களக் காராக்கிக் கோவைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று அவாவினர். எந்தையாரும் இசைந்தனர்.

தமையனார் முதலில் கைவைத்தது இயந்திரத்தில். காற்று வடிகட்டியையும், எரிபொருளைக் காற்றொடு கலக்கும் கார்புரேட்டரையும், புகைபோக்கியையும் மாற்றினர். வண்டி உறுமிற்று. ஒருநாள் மாலை, எம்மையும் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் விரைந்து ஓட்டினர். அறுவடைக் காலம் அது. வளைவிற்கு அப்பால் சாலையின்மீது நெல் உலர்த்தியிருந்தனர். மூதாட்டி ஒருவர் குனிந்து காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். தமையனார் பிரேக்கை மிதித்தனர். மிதி பஞ்சுபோல் உள்ளே அமிழ்ந்தது. சக்கரங்கள் நெல்லின்மீது வழுக்கின. மூதாட்டியார் ஒதுங்கிக்கொண்டார், கார் வாய்க்காலில் இறங்கி நின்றது. ஒருவர்க்கும் ஊறு நேர்ந்திலது. ஆயினும், எம் கைகால் நடுக்கம் அடங்க நெடுநேரம் சென்றது.

எந்தையார் கடிந்திலர். அம்மூதாட்டியார் வீடு சென்று பிழைபொறுக்க வேண்டி மீண்டபின், தமையனாரை நோக்கி, “தம்பி, கரையைக் கட்டாமல் மடையைத் திறப்பார் உண்டா?” என்று மட்டும் கேட்டனர். மோட்டார்த் தொழில் அறியாத உழவர் கேட்ட அவ்வினாவே இத்தொழிலின் முறையை எமக்கு விளக்கிற்று. விரைவு நீர் போன்றது. நிறுத்தமும் காப்பும் கரை போன்றன. அன்றுதொட்டு வேலை தலைகீழாயிற்று. முதலில் கொண்டது இறுதிக்குச் சென்றது.

ஆகவே முதற்கண் செய்யற்பாலது பிரேக். விரைவு இருமடங்கானால் வண்டியில் அடங்கிய ஆற்றல் நான்மடங்காகும். 40 கிலோமீட்டர் விரைவில், மிதித்தபின் 10 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு, 80 கிலோமீட்டர் விரைவில் ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். அவ்வாற்றலின் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகின்றது. பிரேக்கிற்குரிய நெய்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 என்னும் வகை புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரையேனும் கொதியாமல் நிற்றல் வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகை. டாட் 4 வகைக்கு அவ்வெல்லைகள் 230, 155 ஆகும். நெய்மம் கொதித்தால் குழாயில் ஆவி தோன்றும். ஆவி அழுந்தும் தன்மையதாதலின், மிதிக்கும் விசை சக்கரத்தைச் சேராது. எம் காரில் பல்லாண்டு மாற்றாத நெய்மம் கிடந்தது. அதனை வடித்துப் புதியது ஊற்றி, குழாய்களையும் பிரேக் கட்டைகளையும் மாற்றினோம்.

இரண்டாவது, எடை குறைத்தல். பின் இருக்கை, தரைவிரிப்பு, இரைச்சலைத் தடுக்கும் தார்ப்பட்டை, கதவின் உட்பலகைகள் ஆகியவற்றைக் கழற்றினோம். நெல் ஆலையின் எடைமேடையில் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய ஒரு மூட்டை நெல்லின் எடை குறைந்திருந்தது. எடை குறைந்தால் ஓடுவதும் நிற்பதும் திரும்புவதும் ஒருங்கே எளிதாகும். இயந்திரத்தைத் திருத்துவதால் இம்மூன்றும் ஒருங்கே கிட்டா. விரிப்பை எடுத்தமையால் மற்றொரு நன்மையும் விளைந்தது. ஆற்றுப்படுகையின் ஈரம் ஆண்டுக்கணக்கில் தரைத்தகட்டை அரித்திருந்தமை அப்பொழுதே கண்ணிற்பட்டது. இக்காருக்குத் தனியே சட்டம் இல்லை. கூடே சட்டமாகலின், துருவை வெட்டிப் புதுத்தகடு பற்றவைத்த பின்னரே மேல்வேலை நடந்தது.

மூன்றாவது, காப்பு. கார் உருண்டால் கூரை நசுங்காதபடி உள்ளே எஃகுக் குழாய்க் கூண்டு அமைத்தல் வேண்டும். இதனை ரோல் கேஜ் என்பர். இதற்குத் தண்ணீர்க்குழாய் ஆகாது. பந்தய விதிகள் கூறும் வகையும் கனமும் உடைய குழாயே வேண்டும். தேர்ந்த கையே அதனைப் பற்றவைத்தல் வேண்டும். ஓட்டுநரை அசையாமல் தாங்கும் இருக்கை, தோளையும் இடுப்பையும் பிணிக்கும் வார், தலைக்கவசம், தீயணைக்கும் கருவி, மின்னோட்டத்தை ஒருங்கே துண்டிக்கும் விசை ஆகியனவும் இன்றியமையாதன.

நான்காவது, தாங்குவில்லும் டயரும். வில்லைக் குட்டையாகவும் விறைப்பாகவும் அமைத்தால் வளைவில் வண்டி சாய்தல் குறையும். தரையைத் தொடுவது டயர் ஒன்றே. அது பழையதாயின் மற்றை மாற்றங்களால் பயன் சிறிதே. இவையெல்லாம் முடிந்தபின், ஐந்தாவதாகவே இயந்திரம். 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் உடைய அச்சிறு இயந்திரத்திற்கு முதலில் வேண்டுவது நல்ல குளிர்ச்சியும் தூய எண்ணெயுமே.

இங்ஙனம் மாறிய கார் சாலைக்கு மீளுதல் கூடாது என்பதை அன்பர்கள் மனத்திற்கொள்க. தலைக்கவசமின்றி அமர்வார்க்கு அவ்வெஃகுக் கூண்டே பகையாகும். சிறு மோதலிலும் தலை குழாயில் மோதும். பந்தயத்திற்குரிய பிரேக் கட்டை சூடேறும்வரை நன்கு பற்றாது. அன்றியும், பதிவுபெற்ற வண்டியை உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிற்கு மாறாகத் திருத்துதலை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கின்றது. பொதுச்சாலையில் இசைவின்றிப் பந்தயம் ஓட்டுதலும் அச்சட்டப்படி குற்றமே. ஆதலின் களக் காரைச் சுமையுந்தில் ஏற்றியே களத்திற்குக் கொண்டுசெல்லல் வேண்டும். பந்தயத்திற்கு முன் ஆங்குள்ள தேர்வாளர் அதனை நுணுகி ஆராய்வர்.

ஒரு காரைக் களத்திற்குக் கொடுத்தல், குடும்பத்தினின்றும் அதனைப் பிரித்தலேயாகும். எம் அன்னையார் இதனை உணர்ந்து சில நாள் வருந்தினர். கழற்றிய பின் இருக்கை இப்பொழுது எம் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றது. முன்னர் அதில் மருத்துவமனை சென்ற பாட்டியார் மாலைதோறும் அதன்மேல் அமர்ந்து, கொட்டகையில் நிகழ்வதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். கூண்டு வேலை பாதி முடிந்திருக்கின்றது. தமையனார் இயந்திரத்தை இன்னும் தொட்டிலர்.

நம் கல்லூரி நண்பர்களுள் விரைவை விரும்புவார் பலர் உளர். விரைவு விரும்புதல் குற்றமன்று. அதற்கென ஓர் இடமும், அவ்விடம் புகுதற்கு ஒரு முறையும் உண்டு. சாலையிலோ, வளைவிற்கு அப்பால் யாரோ ஒருவர் நெல் துழாவிக்கொண்டிருத்தல் கூடும். அவரை எண்ணியே இக்கட்டுரையை எழுதினோம்.