சிறுவீட்டுப் பராமரிப்பு

சிறுவீட்டுப் பராமரிப்பு என்பது, நீண்டகாலக் கவனிப்பு தேவைப்படும் முதியோர், மனநோய்க்கு ஆளானோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைப் பெரிய காப்பகங்களில் தங்கவைக்காமல், ஏறத்தாழ 4 முதல் 12 பேர் சேர்ந்து வாழும் வீடுகளில் வைத்துப் பராமரிக்கும் முறையாகும். மருத்துவ உதவி இம்முறையிலும் உண்டு. ஆனால் எப்போது எழுவது, என்ன சமைப்பது, யாரை வீட்டுக்கு அழைப்பது என்பனவற்றை மருத்துவமனையின் நேர அட்டவணை முடிவு செய்வதில்லை. அங்கு வாழ்பவர்களும் சேர்ந்து முடிவு செய்கின்றனர்.

தோற்றம்

ஜப்பானில் 2000 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டம், மறதிநோய் உள்ள முதியோருக்கான குழு இல்லங்களையும் உள்ளடக்கியது. இவற்றின் ஓர் அலகில் 5 முதல் 9 பேர் வாழ்வர். ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவர் பில் தாமஸ் வகுத்த 'கிரீன் ஹவுஸ்' முறையின் முதல் வீடுகள், 2003 இல் மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ நகரில் திறக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் தனி அறையும் குளியலறையும் உண்டு. நடுவில் திறந்த சமையலறையும் பொதுவான உணவு மேசையும் அமைந்திருக்கும்.

வழக்கமான காப்பகத்தில் குளிக்க வைப்பவர், உணவு தருபவர், துணி துவைப்பவர் எல்லாம் வெவ்வேறு ஊழியர்கள். இங்கு ஒருவரே அனைத்தையும் செய்வதால், ஒரு முதியவர் வழக்கத்தைவிடக் குறைவாக உண்பதும் நடையில் தடுமாறுவதும் விரைவில் கண்ணில் படுகின்றன. இந்த ஊழியர் 'ஷாபாஸ்' என்று அழைக்கப்படுகிறார். இது அரச வல்லூறைக் குறிக்கும் பாரசீகச் சொல். நாம் பாராட்டும்போது சொல்லும் 'சபாஷ்' வேறு. செவிலியர் சிகிச்சைக்குப் பொறுப்பானவர். வீட்டு நிருவாகம் அவரிடம் இல்லை.

ஏர்வாடியும் அதன் பின்னும்

தமிழகத்தில் இம்முறையின் தேவை மனநலத் துறையிலேயே மிகக் கொடுமையாக வெளிப்பட்டது. மதுரைக்குத் தென்கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த நோயாளிகளுக்காகப் பல தனியார் காப்பகங்கள் இயங்கி வந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியும் முன் அவற்றில் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. காப்பகங்கள் மூடப்பட்டன, அங்கிருந்தோரில் ஒரு பகுதியினர் சென்னையிலுள்ள அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். ஆனால் நோய் தணிந்த பின்பும் அழைத்துச் செல்ல உறவினர் வராதவர் எங்கே வாழ்வது என்ற கேள்விக்கு மருத்துவமனையால் விடை தர இயலாது.

இதற்கு ஒரு விடையாக 'ஹோம் அகெய்ன்' (மீண்டும் வீடு) திட்டத்தைக் கருதலாம். வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகியோர் 1993 இல் சென்னையில் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு இதனை 2015 இல் ஆரம்பித்தது. ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தவர்களில் நான்கைந்து பேர் சேர்ந்து, ஊரின் சாதாரணத் தெருவில் வாடகை வீடு ஒன்றில் குடியேறுகின்றனர். சமையல், கடைக்குச் செல்லுதல், வேலை, கோயில், திருவிழா எல்லாம் அக்கம்பக்கத்தாரைப் போலவே. மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உதவியாளர்கள் துணையிருப்பர். மிகுந்த உதவி தேவைப்படுவோர் உள்ள வீடுகளில் அவர்கள் இரவு பகலாக உடன் தங்குவர். உலக சுகாதார அமைப்பு 2021 இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவைகள் பற்றிய வழிகாட்டியில் இத்திட்டம் நல்ல எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இடம்பெற்றது.

மதுரையில் உளமருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992 இல் நிறுவிய எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநல மறுவாழ்வுப் பணிகளில் ஈடுபட்டு வருகிறது.

சட்டம்

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95 ஆம் பிரிவில் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. 19 ஆம் பிரிவு அதனினும் முக்கியமானது: குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது.

வரம்புகள்

படுக்கைப் புண், குழாய்வழி உணவு போன்றவற்றுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் தவறாமல் வர வேண்டும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே கொண்டுசெல்லப்படுகின்றன. சிறுவீடுகளுக்கும் இத்தகைய வருகைகளே தேவை. அளவு சிறியது என்பதை மட்டும் பார்த்து ஒன்றைச் சிறுவீடு என்று கருதுவது தவறாகும். ஏர்வாடியில் எரிந்த காப்பகமும் பெரிய நிறுவனமன்று; அதில் இருந்தோர் 50 பேருக்கும் குறைவே.