ராஜாவும் சிப்பாயும்: சதுரங்கத்தின் முதல் பாடம்

இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், சென்னையின் சோவியத் கலாசார மையத்தில் 1972-இல் தொடங்கிய மிகைல் தால் சதுரங்கக் கழகத்தில்தான், தாயார் சுசீலாவிடம் ஆட்டம் கற்ற சிறுவன் விசுவநாதன் ஆனந்த் பழகி, 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டராக உயர்ந்தார். அவருக்குப் பின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் சதுரங்கம் பரவலான மாலைநேரப் பயிற்சியாகிவிட்டது; ஆனால் தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்விப்பதைவிட, சில காய்களே எஞ்சும் இறுதிக்கட்டத்திலிருந்து பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே சிறந்த முறை; முன்னாள் உலகச் சாம்பியன் கப்பாபிளாங்காவும் இதையே வலியுறுத்தினார். பலகையின் நடுவே வெள்ளை ராஜா தன் ஒற்றைச் சிப்பாய்க்கு நேர் முன்னே நிற்க, ஒரு கட்டம் இடைவிட்டுக் கறுப்பு ராஜா எதிர்நிற்கும் நிலையில், நகரும் முறை கறுப்புக்கு வந்தால் அது வழிவிட்டுத் தோற்கும், வெள்ளைக்கு வந்தாலோ ஆட்டம் சமனாகும். எதிர்நிலை எனப்படும் இந்நுட்பத்தைக் குழந்தை மூன்றே காய்களைக் கையால் நகர்த்தித் தானே கண்டுகொள்ளலாம்; அவ்வாறு கண்டது எளிதில் மறவாது. இறுதிக்கட்ட அறிவின் பயன் உச்ச ஆட்டத்திலும் தெரியும்: 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரெனின் ஒரு பிழையான யானை நகர்வுக்குப் பின் யானைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டு, ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே எஞ்சும் வெற்றிநிலையைக் கண்டுதான், சென்னையின் குகேஷ் 18 வயதில் உலகப் பட்டத்தை வென்றார்.