அப்பா பெயருக்குக் கீழே காலி இடம்

எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்குவதற்காக இரண்டு முறை ரயில் ஏற நினைத்தவன் நான். ஒரு முறை ஏறவில்லை. அதை முதலில் சொல்லி விடுகிறேன்.

என் அப்பா பங்காரப்பேட்டையில் பாயிண்ட்ஸ்மேன். வேலையில் இருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அப்பா விட்டுச் சென்ற சாமான்களில் ஒன்று அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவல். முதல் பக்கத்தில் பச்சை மையில் தம் பெயரை எழுதி வைத்திருந்தார்.

பாயிண்ட்ஸ்மேனுக்கும் அந்த நாவலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அசோகமித்திரனின் தந்தையும் ரயில்வே ஊழியர்தான். செகந்திராபாத்தில் வேலை. 1931-ல் அங்கே பிறந்த அசோகமித்திரன், தந்தை இறந்த பிறகு தமது 21-வது வயதில் சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். ஐதராபாத் சமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு இணைக்கப்பட்ட நாட்களில் அங்கே கல்லூரியில் படித்த ஒரு தமிழ்ப் பையனின் கதையே அந்த நாவல். வெளியே வேறு பாஷை, வீட்டுக்குள் தமிழ். "இது உன் கதைடா" என்று அப்பா என்னிடம் சொல்வார்.

அவருடைய 'தண்ணீர்' நாவலும் எங்கள் வீட்டில் இருந்தது. குடத்தோடு தெருத் தெருவாக அலைவதைப் புரிந்துகொள்ள தங்கவயல் பெண்களுக்கு உரை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை!

அப்பாவின் பெயருக்குக் கீழே அசோகமித்திரனிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பது என் ஆசை. சென்னையில் 1977 முதல் புத்தகக் காட்சி நடந்து வருகிறது. 2017-ம் ஆண்டு காட்சிக்குப் போவது, அவர் அங்கே வராவிட்டால் வீட்டை விசாரித்துக்கொண்டு போய்விடுவது என்று திட்டம். லீவுக்கும் எழுதிக் கொடுத்தேன். கூட வேலை பார்ப்பவர் வீட்டில் விசேஷம் வந்தது. பொங்கல் கூட்டம் வேறு. லீவை நானே ரத்து செய்துகொண்டேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த மாதமும் அப்படியே போயிற்று.

மார்ச் 24-ந் தேதி காலை ஸ்டேஷனில் பத்திரிகைக் கட்டு இறங்கியது. பிரித்தால் அவர் படம். முந்தின நாள் 85-வது வயதில் காலமாகிவிட்டார். அன்று டிக்கெட் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறையை இரண்டு பேருக்குத் தப்பாகக் கொடுத்தேன்.

இரண்டாவது பயணம்

2022 டிசம்பரில் பெங்களூர் தமிழ்ச் சங்கத்தில் தமிழ்ப் புத்தகத் திருவிழா நடந்தது. அல்சூர் ஏரிப் பக்கம். இந்த முறை விடவில்லை. எதிர்வீட்டு மாமாவையும் அழைத்துக்கொண்டு மாரிக்குப்பம் வண்டியில் கிளம்பிவிட்டேன்.

மாமா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கத்தை மூடியபோது வீட்டுக்கு வந்தவர், அதற்குப் பிறகுதான் புத்தகம் படிக்க ஆரம்பித்தார். கேட்டால், "கீழே வெளிச்சம் ஏது தம்பி?" என்பார்.

ஓர் அரங்கில் இளம் எழுத்தாளர் ஒருவர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். (பெயரை எழுதினால் மற்றவர்கள் கோபித்துக் கொள்வார்கள்.) மாமா அவர் கதைகளை இரண்டு முறை படித்தவர். ஆனால் முறை வந்ததும் வாயே திறக்கவில்லை. புத்தகத்தை மட்டும் நீட்டினார்.

"பெயர் சொல்லுங்க ஐயா. எந்த ஊர்?"

"மைசூர் மைன்ஸ்."

"மைசூருங்களா?"

நான் குறுக்கிட்டு, "கோலார் தங்கவயல் சார். வட ஆற்காட்டுப் பக்கத்து ஜனங்கள் அந்த நாளில் வைத்த பெயர். எங்கள் பெரியவர்களுக்கு இன்னும் அதுதான்" என்றேன்.

எழுத்தாளர் பேனாவை மூடிவிட்டார். எவ்வளவு ஆழம், எப்படி இறங்குவீர்கள், உள்ளே சூடு எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறையைத் தொட்டால் கை சுடும் என்று மாமா சொல்லத் தொடங்கினார். கூண்டில் இறங்கும்போது காது அடைப்பதையும், பாறை வெடிப்பில் போன கூட்டாளிகளையும் பற்றிச் சொன்னார். இருபது வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், என்னிடம் இதெல்லாம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. பின்னால் நின்றவர்களில் ஒருவர் முணுமுணுத்தார். மற்றவர்கள் கிட்டே வந்து காது கொடுத்தார்கள்.

கடைசியில் எழுத்தாளர் மாமாவின் பெயரை எழுதி, அதன் கீழ் 'மைசூர் மைன்ஸ்' என்று ஊரையும் எழுதி, கையெழுத்துப் போட்டார்.

என் பையில் அப்பாவின் புத்தகம் இருந்தது. ஏன் எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது. மாமா அதைப் பார்த்துவிட்டு, "இதிலேயும் ஒண்ணு வாங்கிக்கோயேன்" என்றார்.

"எழுதினவர் அல்லவா மாமா போட வேண்டும்?" என்றேன்.

கன்டோன்மென்ட்டில் வண்டி ஏறினோம். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரில் இருந்த டவுன் பையனிடம் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். "யார் போட்டது தாத்தா?" என்று கேட்டான் அவன். பங்காரப்பேட்டை வரும்வரை மாமா அவனுக்கு அந்தக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார்.