புதிய வீட்டில் சின்சில்லா: முதல் தேவை தனிமை

இரு கைகளுக்குள் அடங்கும் உருவம், அகன்ற காதுகள், பட்டை விஞ்சும் மென்மயிர். சின்சில்லாவைப் பார்த்தவுடன் தூக்கிக் கொஞ்சத் தோன்றுவது இயல்பே. ஆனால், புதிய வீட்டுக்கு வந்த முதல் சில நாட்களில் அந்த உயிருக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி, அதைத் தூக்காமல் இருப்பதுதான் என்பேன். அதற்கான காரணம் அதன் பூர்வீகத்தில் இருக்கிறது.

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், குளிரும் வறட்சியும் மிகுந்த பாறைச் சரிவுகளில் வாழும் கொறித்துண்ணி சின்சில்லா. பகலில் பாறை இடுக்குகளில் பதுங்கியிருந்து, அந்தி சாய்ந்த பிறகே உணவு தேடப் புறப்படும். நரிக்கும் ஆந்தைக்கும் அஞ்சி வாழ்ந்த அந்த விலங்கை, உரோமத்துக்காக மனிதர்கள் பெருமளவில் கொன்று குவித்தார்கள். 1923இல் அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் மத்தியாஸ் சாப்மன், உரோமப் பண்ணை அமைக்கும் நோக்குடன் 11 சின்சில்லாக்களைச் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்றார். இன்றைய வளர்ப்புச் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவை. நாய்க்கும் நமக்குமான உறவு பல்லாயிரம் ஆண்டுகள் பழையது. சின்சில்லாவுடனான உறவுக்கோ நூறாண்டுதான் வயது. நீளும் கை எதுவாயினும் அதன் கண்ணுக்கு முதலில் வேட்டையாடியின் நகமாகவே தெரியும். இறுகப் பிடித்தால் மயிர்க்கற்றையை உதிர்த்துவிட்டுத் தப்பியோடுவது அதன் தற்காப்பு.

எனவே, கூண்டை இரைச்சலும் நேரடி வெயிலும் இல்லாத அறையில் வையுங்கள். உள்ளே மரத்தாலான ஒரு பதுங்கிடம் அவசியம். ஓரிரு நாட்களுக்கு உலர்புல்லும் தண்ணீரும் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிறகு, மாலை வேளையில் கூண்டருகே அமர்ந்து தணிந்த குரலில் பேசலாம். திறந்த கையை அசையாமல் நீட்டி, அதுவே வந்து முகர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கலாம். சிலவற்றுக்கு நாட்கள் போதும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும்.

உணவிலும் அவசரம் ஆகாது. முன்பு உண்டுவந்த தீவனத்தையே தொடர்ந்து கொடுத்து, மாற்றவேண்டுமானால் சிறிது சிறிதாக மாற்றவேண்டும். பாசத்தைப் பெற உலர்திராட்சையும் கொட்டைகளும் ஊட்டுவது அதன் குடலைக் கெடுக்கும். வாழ்நாள் முழுதும் வளரும் பற்களைத் தேய்க்க உலர்புல்லே முதன்மை உணவு. தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது; அடர்ந்த மயிர் எளிதில் உலராது. வாரத்தில் சில முறை நுண்ணிய புழுதியில் புரள விட்டால் போதும். இரை விலங்கு நோயை மறைக்கும் இயல்புடையது. ஆகவே, ஒருநாள் முழுவதும் உண்ணாமலோ கழிவு வெளியேறாமலோ இருந்தால், புது இடத்துக் கூச்சம் என்று இருந்துவிடாமல் உடனே கால்நடை மருத்துவரை நாடவேண்டும்.

இவை அனைத்தையும்விடப் பெரிய கேள்வி வெப்பம். சின்சில்லாவுக்கு வியர்க்காது. வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே ஆபத்து நெருங்குகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த எல்லை இன்னும் குறையும். மின்விசிறியால் பெரிய பயனில்லை. வியர்வை இருந்தால்தானே காற்று அதை உலர்த்திக் குளிர்விக்கும்? கோடை இரவிலும் 25 டிகிரிக்குக் கீழ் பெரும்பாலும் இறங்காத சென்னை போன்ற ஊரில், குளிர்சாதனம் இரவுபகலாக ஓடினால்தான் அது உயிர்வாழும். ஒரு நண்பகல் மின்தடைகூட அதன் முடிவாகலாம். முறையான பராமரிப்பில் 10 முதல் 20 ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் இது. அத்தனை கோடைகளுக்கும் பொறுப்பேற்க இயலாதவர்கள், வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை என்பது என் உறுதியான கருத்து.

ஒரு விலங்கு புதிய வீட்டுக்குப் பழகிவிட்டதா என்பதை, அது நம் மடியில் அமர்வதை வைத்து அளக்கிறோம். அது சரியான அளவுகோல் அல்ல. நாம் அறையில் இருக்கும்போதே பதுங்கிடத்தை விட்டு வெளியே வந்து, அச்சமின்றிப் புல்லைக் கொறித்தால், அதற்கு அந்த வீடு சொந்தமாகிவிட்டது என்று பொருள். மடிக்கு வருவதும் வராததும் இனி அதன் விருப்பம்.